வார்டில் நான்கு வருடம்: கையடக்க ஸ்கேனோடு என் அனுபவம்

தேனி மாவட்டத்துக் கூடலூரில், குமுளி மலை ஏறும் பாதையில், இருபது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். விடியுமுன் ஜீப் பிடித்து இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிற ஜனங்கள்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். மேல்சிகிச்சை என்றால் தேனிக்குப் பக்கத்து க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி. ஆம்புலன்ஸில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். போனில் செருகிப் பார்க்கிற கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வாங்கி நான்கு வருடம் ஓடிவிட்டது. வாங்கலாமா என்று கேட்கிற மருத்துவ நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வயிறு பார்க்கத்தான் வாங்கினேன். இப்போது பெரும்பாலும் நெஞ்சில்தான் வைக்கிறேன். காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஒலியலை நுழையாது, மேலுறையில் பட்டுத் திரும்பிவிடும். அந்த உறையின் பிம்பமே படுக்கைக் கோடுகளாக, ஒன்றின் கீழ் ஒன்றாகத் திரையில் தெரியும். உள்ளே நீர் கோத்தால் படமே மாறிப்போகும். உறையிலிருந்து வெள்ளைக் கோடுகள் செங்குத்தாகக் கிளம்பி, மங்காமல் அடிவரை இறங்கும். பி-லைன் என்போம். ஒரு விலா இடுக்கில் மூன்று கோடு இருந்தாலே கவனிக்க வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் 2008இல் வெளியிட்ட ப்ளூ முறை, மூச்சுத்திணறலுக்கு இப்படிப் பார்ப்பதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது.

ஒரு மார்கழி இரவு பெரியவர் ஒருவரை மகன் தாங்கிக் கூட்டிவந்தார். நாற்பது வருடப் பீடி. படுக்க முடியவில்லை, கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் விசில். ஆஸ்துமா போலவும் இருக்கிறது, இதயம் தளர்ந்தது போலவும் இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார். உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ப்ரோப் (உடம்பில் வைக்கிற கைப்பிடிப் பகுதி) வைத்தேன். இரண்டு பக்கமும், எங்கே வைத்தாலும் வெள்ளைக் கோடுகள். நீர் இறக்கும் ஊசி போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தபோது மேல் நெஞ்சில் கோடுகள் குறைந்திருந்தன. நாலரை மணிக்கு இன்னும் குறைந்தன. "ஐயா, இப்ப கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்" என்றார்.

இந்தக் கருவிக்கு நான் கொடுத்த பணம் அந்த இரண்டாவது, மூன்றாவது பார்வைக்குத்தான். மூச்சிரைக்கிற மனிதரை ஒரே இரவில் மூன்று தடவை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக யாராலும் ஆகாது.

இதே கோடுகள் என்னைத் தவறவும் வைத்தன. முதல் வருடம், ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவருக்குப் பி-லைன் பார்த்தவுடன் நீர் என்று முடிவு கட்டி அதே ஊசியைப் போட்டேன். மறுநாள் எழுந்தவர் தலைசுற்றி விழப்பார்த்தார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. பிறகு எடுத்த சிடி ஸ்கேனில் தெரிந்தது நுரையீரல் தழும்பு நோய். தழும்பிலும் அதே கோடுகள் வரும். சேமித்து வைத்திருந்த படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்: மேலுறை வழுவழுவென்று இல்லாமல், பிய்ந்த ஓரம் போல மேடுபள்ளமாக இருந்தது. அன்றைக்கும் அது திரையில்தான் இருந்தது. நான் கோடுகளை மட்டும் எண்ணினேன். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

டெங்கு வார்டில் இதன் உதவி பெரிது. "பிளேட்லெட் எவ்வளவு சார்?" என்பதே எல்லா வீட்டாரின் கேள்வியும். எனக்குப் பெரிய கவலை ரத்தக் குழாயிலிருந்து கசிகிற நீர். காய்ச்சல் இறங்கும் நாட்களில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, வலப்பக்க நுரையீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு நீர்க்கீற்று விழுந்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்கிறேன். டிரிப்ஸை ஏற்றுவதா குறைப்பதா என்பதை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), சிறுநீர் அளவோடு இதையும் சேர்த்து முடிவு செய்கிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. சித்திரை வெயிலில் விடாமல் பார்த்தால் சூடேறித் தானாக அணைந்துவிடும். மூன்றாம் வருடம் வயர், ப்ரோபோடு சேருமிடத்தில் வெடித்தது. வயரை மட்டும் மாற்ற முடியாது, முழு ப்ரோபும் வாங்க வேண்டும் என்றது கம்பெனி; இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வருடச் சந்தா உண்டா, உங்கள் போனில் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லோரும் தவறாமல் கேட்பது, நோயாளி வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று. கூடாது. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிப்படி, இத்தகைய கருவியைப் பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், பிற மருத்துவ சேவைகளும் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே பயன்படுத்தலாம். எனக்கு இந்த விதி வலித்த நாட்கள் உண்டு. ஆனாலும் இது வேண்டும் என்பதே என் எண்ணம். உசிலம்பட்டி எங்களுக்குப் பக்கத்து மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. எண்பதுகளில் பெண்சிசுக் கொலைச் செய்தி அங்கிருந்து வெளிவந்தபோது, என் பாட்டி வீட்டுத் திண்ணையில் அதைப் படித்தவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

போன ஆவணியில் குமுளிக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அப்பாவுக்குக் கல்லீரல் கெட்டு வயிறு முட்டியிருக்கிறது. "ஜீப்புல அவரு தாங்க மாட்டாரு சார். அந்தச் சின்ன ஸ்கேனை எடுத்துக்கிட்டு நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்." முடியாது என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. காரணத்தை விளக்கினேன். ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஜீப்பின் பின்சீட்டில் மெத்தை விரித்து, மறுநாள் காலையில் கூட்டி வந்துவிட்டாள். வார்டில் சேர்த்து, இடப்பக்க அடிவயிற்றில் குடல் ஒதுங்கிய இடம் பார்த்து, நீர் எடுக்க ஊசி குத்தப் பேனாவால் புள்ளி வைத்தேன். அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"அந்தக் கறுப்பு பூராவும் தண்ணியா சார்?"

"ஆமாம்மா. நடுவுல வெள்ளையா அசையுது பாரு, அது குடல்."

மூன்று லிட்டர் எடுத்தோம். மத்தியானம் அவர் ரசம் சோறு கேட்டார்.