பந்தயத்தில் ஹார்ட்டெயில்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

அமெச்சூர் கிராஸ் கன்ட்ரி பந்தயங்களுக்கென்றே வாங்கிய அலுமினிய ஹார்ட்டெயில் மவுண்டன் பைக் ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டிவருகிறேன். 29 இன்ச் சக்கரம், முன்னால் 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க், பெடலருகே ஒற்றைப் பல்சக்கரம், பின்னால் 12 கியர். பின்புறம் சஸ்பென்ஷன் கிடையாது. "இதை வைத்துப் பந்தயத்தில் இறங்கலாமா, ஃபுல் சஸ்பென்ஷன்தான் வேண்டுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக இறங்கலாம். ஆனால் முதலில் டயரைக் கவனியுங்கள். பைக்கில் நான் மாற்றிப் பார்த்த எதுவும் டயரும் அதிலுள்ள காற்றும் தந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

ட்யூப் போட்டு ஓட்டினால் காற்றழுத்தம் 28, 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கப் பயமாக இருக்கும். கல்லில் இடித்ததும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். உள்ளே ட்யூபே இல்லாத ட்யூப்லெஸ் டயருக்கு மாறிய பிறகு 2.35 இன்ச் டயரில் முன்னால் 20, பின்னால் 23 வைக்கிறேன். என் எடை சுமார் 70 கிலோ. உங்கள் எடைக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்று கூடினால் வேகம் கூடும் என்பது தார் ரோட்டுக் கணக்கு. கரடுமுரடான தரையில் கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லிலும் பைக்கையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. மிதித்த பலத்தில் ஒரு பங்கு அந்தத் துள்ளலிலேயே போய்விடும். மெத்தென்ற டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு அப்படியே உருளும். ஹார்ட்டெயிலில் பின்பக்கம் இருக்கும் ஒரே சஸ்பென்ஷன் அந்த டயர்தான் என்பதால், 2 பி.எஸ்.ஐ. வித்தியாசம்கூட சீட்டில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும்.

தரையில் வைத்து அடிக்கும் பம்பின் மீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். 160 வரை காட்டும் முள்ளில் 20க்கும் 22க்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. கையடக்க டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். அது கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி காட்டினால் போதும். வீட்டில் அளந்துவிட்டுக் கிளம்புவதும் சரிவராது. 20 டிகிரி வெப்பம் ஏறினால் இந்த அழுத்தத்தில் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. கூடிவிடும். களத்துக்குப் போய், பைக்கை நிழலில் நிறுத்தி, ஸ்டார்ட்டுக்குக் கொஞ்ச நேரம் முன்னால் அளப்பதுதான் என் வழக்கம்.

ட்யூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைப்பதற்காக ஊற்றும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வால்வின் உள் ஊசியைக் கழற்றி, டயருக்கு 100 மி.லி. கணக்கில் ஊற்றிவிடுவேன்.

இதன் அருமை ஒரு பந்தயத்தின் நடுவில் நன்றாகவே புரிந்தது. இறக்கத்தில் கூரான கல் ஒன்று பின் டயரைக் கிழித்தது. புஸ்ஸென்ற சத்தம், கெண்டைக்காலில் வெள்ளைத் துளிகள். நிறுத்தி ஓட்டையைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்தேன். சீலன்ட் நுரைத்துக்கொண்டு வந்ததே தவிர, அடைபடவில்லை. சின்ன முள் குத்தல் என்றால் தானே அடைபட்டிருக்கும், இது நீளமான வெட்டு. ஹேண்டில்பார் முனையில் செருகியிருந்த பிளக் கருவியை எடுத்து, பிசுபிசுத்த ரப்பர் திரியைப் பாதி வரை குத்தி இறக்கி, வெடுக்கென்று இழுத்தேன். சத்தம் நின்றது. அப்புறம் பம்பால் காற்றை நிரப்பிக்கொண்டு ஏறிவிட்டேன். பாதையோரம் ட்யூப் மாற்றிக்கொண்டிருந்த இருவரைத் தாண்டித்தான் போனேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மவுண்டன் பைக் பந்தயத்தில் பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக்குக்கும் முன் டயர் பஞ்சரானது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு, விட்ட நேரத்தைப் பிடித்துத் தங்கமும் வென்றார். ஆனால் அவருக்குச் சக்கரத்தோடு ஆட்கள் காத்திருந்தார்கள். நமக்குச் சட்டைப்பையில் இருப்பதுதான் துணை. பிளக், சின்ன பம்ப், ஒரு ட்யூப், செயின் இணைக்கும் குயிக் லிங்க் இல்லாமல் நான் ஸ்டார்ட் லைனுக்குப் போவதில்லை.

மற்ற பாகங்களைப் பற்றிச் சுருக்கமாக. 10 முதல் 51 பல் வரையுள்ள கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) முன்னால் 32 பல்லும் எந்த ஏற்றத்துக்கும் போதும். செயின் 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றிவிடுங்கள், கேசட் பிழைக்கும். விழுந்து எழுந்த பிறகு கியர் தடுமாறினால் முதலில் டீரெய்லர் ஹேங்கரை, அதாவது பின் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டை, பாருங்கள். பல பைக்குகளுக்கு அது வேறு வேறு வடிவம், அவசரத்துக்குக் கிடைக்காமல் போகலாம், உபரியாக ஒன்று கையில் இருக்கட்டும். ரெசின் பிரேக் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சேற்றுப் பந்தயம் ஒன்றிலேயே பாதி தேய்ந்துவிடலாம். மழைக்கு மெட்டல் பேட்தான், உங்கள் ரோட்டர் (பிரேக் வட்டு) அதற்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தயம் என்றதும் பலர் ஃபோர்க்கைக் கெட்டியாக்கிவிடுகிறார்கள். ஏறி உட்கார்ந்தால் 20 முதல் 25 மி.மீ. அமுங்க வேண்டும். ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கொரு முறை எண்ணெய் மாற்றினால் சின்னக் கற்களில் அந்தப் பழைய மென்மை திரும்பி வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. வேர்கள் பின்னிக் கிடக்கும் ஏற்றத்தில், கடைசிச் சுற்றுகளில், இடுப்பு வலி எடுத்துவிடும். பின் சக்கரம் துள்ளுவதால் அடிக்கடி எழுந்து நின்று மிதிக்க வேண்டும். ஃபுல் சஸ்பென்ஷன்காரர்கள் உட்கார்ந்தபடியே நம்மைத் தாண்டிப் போவார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி அப்படிப்பட்ட பைக்கில்தான் தங்கம் வென்றார். நீங்கள் போகும் களங்களெல்லாம் வேரும் பாறையுமாகவே இருந்தால் அதை வாங்குங்கள். ஏற்றமும் மண் பாதையும் கலந்த களங்களுக்கு எனக்கு இதுவே போதும். இதில் சுத்தம் செய்யவும் பிரித்துப் பார்க்கவும் பாகங்களும் குறைவு. ஃபுல் சஸ்பென்ஷன் வாங்காததால் மிச்சமாகும் பணத்தில் முன் சக்கரத்துக்கு நல்ல புது டயர் போட்டு, பழைய முன் டயரைப் பின்னால் மாட்டுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுந்துவிடுவோம்.