பழைய மியாட்டாவுக்குக் கூடுதல் பவர்: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா என்கிற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் 1.6 லிட்டர் எஞ்சின், அமெரிக்கச் சந்தையில் 116 குதிரைத்திறனோடு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் கிலோ காருக்கு அது தாராளம் என்பவர்கள் உண்டு. எனக்குப் போதவில்லை. வளைவில் அவ்வளவு அழகாகப் போகிற கார் மேட்டில் திணறினால் மனசு கேட்பதில்லை. டர்போவும் சூப்பர்சார்ஜரும் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிகள். கடைசியில் நான் சூப்பர்சார்ஜர் பக்கம் போனேன். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஏர் ஃபில்டர், ஹெடர் (எஞ்சினை ஒட்டிய புகைக்குழாய்கள்), சைலன்சர் மாற்றினால் சத்தம் கூடும், பவர் கூடுவது சொற்பம். 1994-இல் வந்த 1.8 எஞ்சினை வாங்கி வைக்கலாம். ஆனால் அதுவே 128 குதிரைத்திறன்தான். எஞ்சினை இறக்கி ஏற்றுகிற பாட்டுக்கு 12 போதாது. இருக்கிற எஞ்சின் புகைவிட்டால் இந்த வழி சரி. 1990, 91 தொடக்க எஞ்சின்களில் கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) முனையில் புல்லி ஆடுகிற கோளாறு பிரசித்தம். எதையும் பொருத்துமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பது டர்போவும் சூப்பர்சார்ஜரும். ஒரே பூஸ்டில் (காற்றைத் தள்ளும் கூடுதல் அழுத்தம்) டர்போவுக்கே பவர் அதிகம். அது வீணாகும் புகையில் சுழல்கிறது, சூப்பர்சார்ஜரோ கிராங்கிலிருந்து பெல்ட் வழியாகப் பவரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் கணக்குப்படி 40 சதவீதம் கூடுதல் காற்று. கையில் கிடைக்கும் பவர் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை அளந்து விட, உள்ளே வரும் காற்றை அளக்கும் கதவு மாதிரியான பழைய ஏர்ஃப்ளோ மீட்டரும், பழைய ஈசியுவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போதாது. தனி ஈசியு, பெரிய இன்ஜெக்டர், காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் இரண்டுக்குமே வேண்டும். சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். 9.4:1 கம்ப்ரஷன் உள்ள எஞ்சினில் கலவை மெலிந்து நாக்கிங் (கலவை தானாகத் தாறுமாறாக வெடிப்பது) வந்தால் பிஸ்டன் தாங்காது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டர்போ வைக்க, எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்ற வேண்டும். அது பழுக்கச் சூடாகி, பிறகு ஆறிச் சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கியே நட்டுகள் தளரும், ஸ்டட் முறியும், கேஸ்கெட்டில் புகை கசியும். பக்கத்தில் போகும் முப்பது வருட ரப்பர் ஹோஸுக்கும் வயருக்கும் அந்த வெக்கை ஆகாது. டர்போவுக்கு எஞ்சின் ஆயில் போக ஒரு குழாய், திரும்பிவர ஒரு குழாய். திரும்பும் ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டும் என்பதால் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் துளை போட வேண்டும். சம்பைக் கழற்றுவது பெரிய வேலை. அதனால் பலர் டிரில் பிட்டில் கிரீஸ் அப்பி, துகள் உள்ளே விழாதபடி காரிலேயே துளைக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

சூப்பர்சார்ஜரில் எக்ஸாஸ்ட் பக்கம் கைவைக்க அவசியமில்லை. 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ்ஸில் இருந்த ஈட்டன் எம்45 பழைய சாமானாகக் கிடைக்கும். அதன் கியர் ஆயில் அதற்குள்ளேயே இருப்பதால் எஞ்சினோடு ஆயில் குழாய் கிடையாது. வாங்கும்போது புல்லியைக் கையால் சுற்றுங்கள். ரோட்டர் உரசக் கூடாது, பேரிங் கரகரக்கக் கூடாது, ஆயில் கருகிய வாடை அடிக்கக் கூடாது. பொருத்துகிற பிராக்கெட்டுக்குத்தான் காசு போகும். அப்புறம் பெல்ட் இழுவை, அந்தக் கொஞ்சம் ஆயில், அவ்வளவுதான் கவனிப்பு. விற்கும் காலத்தில் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்குவதும் எளிது.

குறையும் உண்டு. இரண்டு ரோட்டர்கள் சுழன்று காற்றைத் தள்ளும் இந்த ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் காற்றை டர்போவைவிட அதிகம் சூடாக்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி நேரத்தை) பின்தள்ள வேண்டியிருக்கும், பவரும் கொஞ்சம் குறையும். நான் சாலையில் மட்டும் ஓட்டுகிறவன். தடத்தில் தொடர்ந்து விரட்டுபவர்களுக்கும் 200 குதிரைத்திறனுக்கு மேல் குறிவைப்பவர்களுக்கும் டர்போவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எந்த வழியானாலும் 1993 வரையான 1.6 கார்களின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) சிறியது, பலவீனமானது. முதல் கியரில் கிளட்சைப் படாரென்று விடாதீர்கள். மாற்றுவதானால் 1994 முதல் வந்த 7 அங்குல டிஃபரன்ஷியலை, அதன் ஆக்ஸில்களோடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடும் சேர்த்தே வாங்குங்கள். பழையவை அதில் பொருந்தாது.