மணல் கடிகாரத்துக்காக வாங்கலாம், நட்சத்திரப் பலகைக்காக வேண்டாம்

மூன்று மணல் கடிகாரங்கள், காந்த நட்சத்திரங்களோடு ஒரு பலகை, ஒரு கட்டு முகபாவ அட்டைகள். இவற்றை ஒரே பெட்டியில் போட்டுக் குழந்தையின் பிடிவாதத்தை மாற்றும் என்று விற்கிறார்கள். ஆன்லைனிலும் தருமபுரி, ஓசூர் பக்கத்துப் பொம்மைக் கடைகளிலும் வெவ்வேறு பெயர்களில் வருகிறது. அடிக்கிற, கடிக்கிற, தரையில் புரண்டு அழுகிற 3 முதல் 7 வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு திணறும் வீடுகளுக்கான பொருள் இது. பெட்டியில் உருப்படியானது கடிகாரம்தான்.

‘அஞ்சு நிமிஷத்துல டிவிய அணைக்கணும்’ என்றால் 4 வயதுக் குழந்தைக்கு அது வெறும் சத்தம். மணல் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். போனில் டைமர் வைத்தால் போனுக்கே சண்டை வந்துவிடும், மணலில் அந்தத் தொல்லை இல்லை. பெட்டியில் 1, 3, 5 நிமிடக் கடிகாரங்கள் இருக்கும். விளையாட்டை நிறுத்திக் குளிக்கவோ சாப்பிடவோ கூப்பிட வேண்டுமானால் முதலில் 5 நிமிடத்தைக் கவிழ்த்துக் குழந்தையின் கண் முன்னால் வையுங்கள். அது தீர்ந்ததும் 1 நிமிடம். அதன்பின் பக்கத்தில் போய், குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: ‘கண்ணு, கார் பொம்மையை இந்தக் கூடையில போடு.’ ‘போடறியா?’ என்று கேட்டால் ‘மாட்டேன்’ என்ற பதிலுக்கு நாமே வழிவிட்டதாகிவிடும். சொன்ன பிறகு 5 விநாடி வாயைத் திறக்காமல் காத்திருங்கள். அந்த இடைவெளியில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொல்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. நாலாவது அதட்டலுக்கு அசைந்தால் போதும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது.

கடிகாரத்தில் ஒரு ஓட்டை உண்டு. 5 நிமிடக் கடிகாரத்தில் 2 நிமிட மணல் இறங்கியதும் குழந்தை அதைத் திருப்பிவிட்டால் அடுத்த 2 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். படுக்க வைத்தால் நின்றேவிடும். இதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். கைக்கு எட்டாத, கண்ணுக்குத் தெரிகிற அலமாரியில் வையுங்கள்.

3 நிமிடக் கடிகாரம், அடித்தல் கடித்தல் போன்றவற்றுக்காக ஓரமாக உட்கார வைப்பதற்கு. வெளிச்சமான இடத்தில், பெரியவர் பார்வையில், பேச்சில்லாமல். இருட்டு அறையில் பூட்டுவது தண்டனைகூட இல்லை, வெறும் பயமுறுத்தல். அதைச் செய்யவே கூடாது. மணல் தீர்ந்து, குழந்தை சில விநாடி அமைதியானதும் எழுப்பி, முதலில் ஏதாவது வேலை சொல்லியிருந்தால் அதையே மறுபடி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உட்காருவதே வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிடும். சத்தமோ கூட்டமோ தாங்காமல் நிலைகுலைந்து அழும் குழந்தைக்கு இது பொருந்தாது. அதற்குத் தேவை அமைதியான இடமும் பக்கத்தில் ஓர் ஆளும்.

5 நிமிடக் கடிகாரத்தின் சிறந்த பயனைப் பெட்டியில் எழுதவே இல்லை. தினமும் ஒரு தடவை அதைக் கவிழ்த்துவிட்டு, மணல் தீரும்வரை குழந்தை இழுக்கும் விளையாட்டில் பெரியவர் சேர வேண்டும். உத்தரவு, கேள்வி, திருத்தம் எதுவும் கூடாது. குழந்தை செய்வதை வாயால் சொல்லுங்கள், நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: ‘தம்பிக்குக் காரைக் குடுத்தியே, நல்லா இருந்துச்சு.’ அன்று சேட்டை செய்தது என்பதற்காக இதை நிறுத்திவிடாதீர்கள்.

நட்சத்திரப் பலகையில் பத்துப் பன்னிரண்டு பழக்கங்களை ஆங்கிலத்தில் அச்சடித்து, வாரக் கடைசியில் பெரிய பரிசு என்கிறார்கள். 4 வயதுக்கு ஒரு வாரம் என்பது ஒரு யுகம். ‘ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல்’ என்ற ஆசை செவ்வாய்க்கிழமை அடியைத் தடுக்காது. தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும். ஒரே பழக்கம், அதுவும் செய்ய வேண்டியதாக: ‘அடிக்காதே’ அல்ல, ‘கேட்டு வாங்கு’. செய்த நொடியே காரணம் சொல்லி நட்சத்திரம். மூன்று சேர்ந்தால் அன்று சாயங்காலமே ஒரு சின்னப் பரிசு: கோழிக்குத் தீனி போடுவது, ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பார்ப்பது. முதல் நாள் கட்டாயம் ஜெயிக்கும்படி சுலபமாக வையுங்கள். கொடுத்த நட்சத்திரத்தைக் கோபத்தில் பிடுங்கவே கூடாது, பிடுங்கினால் அன்றோடு பலகை செத்தது.

காந்தங்களில் ஆபத்தும் உண்டு. கழன்ற காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தப் பலகையே வேண்டாம். விழுங்கிய சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முகபாவ அட்டைகள் பரவாயில்லை. அழும்போது நீட்டினால் பறக்கும், நிதானமாக இருக்கும்போது காட்டிப் பேசுங்கள். ‘கோபம்’, ‘பயம்’ இருக்கிறது, ‘ஏமாற்றம்’ இல்லை. பெரும்பாலான அழுகை அதில்தான் தொடங்குகிறது, ஓர் அட்டை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில், குழந்தை பாட்டியிடம் என்பது தருமபுரி, ஓசூர் பக்கம் சாதாரணம். அந்த வீட்டில் பெட்டியைப் பாட்டி கையில் கொடுத்துச் செய்துகாட்ட வேண்டும். மிட்டாய்க்கான அழுகையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். மூன்றாம் நாள் ‘பாவம், குடுத்துடலாம்’ என்று இளகினால் இன்னும் நீளமாக அழக் கற்றுக்கொடுத்ததாகும். பாட்டிக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பழி அவர் தலையில் விழும், அது நியாயமில்லை.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பேசிய சொல் மறைந்துபோவது, பெயர் கூப்பிட்டால் திரும்பாதது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது: இவற்றுக்கு இந்தப் பெட்டி மருந்தல்ல. முதலில் காது பரிசோதனை. பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்தைக் கேளுங்கள். அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வர வேண்டிய மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். வீட்டுப் பெரியவர்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள். துறுதுறுப்பு அதிகம் என்று மாத்திரை கேட்பவர்கள் கவனிக்க: 6 வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்.

விலை 400 ரூபாயைத் தாண்டினால் பெட்டியை விட்டுவிட்டு மணல் கடிகாரம் மட்டும் தனியாகக் கேளுங்கள். கடையிலேயே 1 நிமிடத்தைக் கவிழ்த்துப் போனில் நேரம் பாருங்கள். ஐந்தாறு விநாடி வித்தியாசம் பரவாயில்லை. மணல் நடுவில் அடைத்துக்கொண்டாலோ சுவரில் ஒட்டிக்கொண்டாலோ வேறு ஒன்றை எடுங்கள், ஏனென்றால் நின்றுபோன மணலின் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும்.