ரூ. 38,500 வாங்கிக்கொண்டு எங்கள் மெயில் சர்வரைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்கள்: வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தொழில்காரர்கள் கவனிக்கவும்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் எழுதமாட்டேன்.

ராணிப்பேட்டையில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் எங்களுடையது. மெயில் சர்வர் அலுவலகத்திலேயே இருக்கிறது. எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒருவர், அது ஓப்பன் ரிலே இல்லை என்று சோதித்த அறிக்கை கேட்டார். அதாவது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் சம்பந்தமே இல்லாத இன்னொருவனுக்கு அனுப்பும் மெயிலை எங்கள் சர்வர் வாங்கிக் கடத்திவிடக் கூடாது. நியாயமான கேள்வி. வேலூரில் கணினி, நெட்வொர்க் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கடையைக் கூப்பிட்டேன்.

வந்தவர் கையில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி. "நாங்களும் வாலாஜாக்காரர்கள்தான் அண்ணா, இது நம் வேலை" என்றார். தோல் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு இதே சோதனை செய்திருப்பதாகச் சொன்னார். சர்வரின் முன்னால் உட்கார்ந்து கறுப்புத் திரையில் மளமளவென்று தட்டினார். என் தம்பி வெளியூரில் இருக்கும்போது கைபேசியிலிருந்து மெயில் போவதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். இரண்டு வரி தட்டிவிட்டு, "இப்போது அனுப்பச் சொல்லுங்கள் அண்ணா" என்றார். உடனே போனது. கேட்காத வேலையையும் முடித்துக் கொடுக்கிறாரே என்று மகிழ்ந்து 38,500 ரூபாயையும் அங்கேயே அனுப்பிவிட்டேன். பேடாவின் விலையும் அதில் அடக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

சுருள் கம்பி போட்டுத் தைத்த அறிக்கை வந்தது. பச்சை எழுத்தில் "தேர்ச்சி". அதன் பின்புதான் மெயில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. இணையத்தில் எங்கள் சர்வரின் அடையாள எண்ணான ஐபி முகவரி, குப்பை மெயில் அனுப்புகிறவர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் தடைப்பட்டியலில் ஏறியிருந்தது. சர்வரின் வரிசையில் யார் யாருக்கோ போகவேண்டிய குப்பை மெயில்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. மாதிரிக்கு ஒப்புதல் கேட்டு நாங்கள் அனுப்பிய மெயில் போய்ச் சேரவே இல்லை.

கடைக்குப் பேசினேன். முதலில், "இணைப்பு கொடுத்தவர்களைக் கேளுங்கள்." பிறகு, "உங்கள் ஆட்கள் யாரோ வைரஸை இறக்கியிருப்பார்கள்." பிறகு, "டெக்னீஷியன் சென்னைக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்." நேரில் போனால் அந்த அண்ணாவைக் காணவில்லை, நான் "சார்" ஆகிவிட்டேன். "ஆண்டு ஒப்பந்தம் போட்டால் வந்து பார்க்கிறோம் சார்." 38,500 ரூபாய் வாங்கியவர்கள் சொல்கிறார்கள் இதை!

நண்பரின் மகன் சென்னையில் சர்வர் வேலை பார்ப்பவன். சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் வாசல் 25-ஆம் போர்ட்; வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அதை அடைத்து வைத்திருப்பார்கள் என்று, வாடகை சர்வர் ஒன்றிலிருந்து எங்கள் சர்வரின் 25-ஆம் போர்ட்டுக்குப் பேசினான். அனுப்புநர், பெறுநர் இரண்டுக்கும் எங்களுக்குத் தொடர்பில்லாத தன்னுடைய முகவரிகளையே கொடுத்தான். அந்த இடத்தில் 554 என்று மறுப்பு வந்திருக்க வேண்டும். 250 என்று வந்தது, சரி என்று அர்த்தம். சில சர்வர்கள் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எறிந்துவிடும், அதனால் மெயில் வந்து சேர்கிறதா என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்றான். சேர்ந்தது.

பிறகு அந்த அறிக்கையைப் புரட்டினான். சோதனை செய்த கணினியின் முகவரி 192.168 என்று தொடங்குகிறது. எங்கள் அலுவலகத்துக்கு உள்ளே இருக்கும் முகவரி! பெறுநர், எங்கள் கணக்குப் பிரிவு. எங்களுக்கு வரும் மெயிலை எங்கள் சர்வர் வாங்கிக்கொள்கிறது என்பதற்கா 38,500 ரூபாய்?

அதைவிடக் கொடுமை, சர்வர் முதலில் பூட்டித்தான் இருந்திருக்கிறது. எங்களிடம் இருப்பது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். அது தானாக அந்நியர் மெயிலைக் கடத்தாது. அதே வேலையைச் செய்யும் பழைய மென்பொருளான சென்ட்மெயில்கூட 1998-இல் வந்த 8.9 பதிப்பிலிருந்து அப்படித்தான். யாராவது கை வைத்தால்தான் திறக்கும். நம்பகமான நெட்வொர்க்குகளை எழுதும் வரியில் 0.0.0.0/0 என்று இருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை பேரும் எங்கள் ஆட்கள்! தம்பியின் கைபேசிக்காகத் தட்டிய இரண்டு வரி அதுதான். நம் ஆட்கள் மெயில் அனுப்புவதற்கென்றே இருக்கும் 587-ஆம் போர்ட்டில் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சோதனையை வெளியிலிருந்து செய்யச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் கண்முன்னால். அமைப்பில் எந்த வரியை மாற்றினாலும் எழுதி வாங்குங்கள். அவர்களுக்குக் கொடுத்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். தடைப்பட்டியலில் ஏறிவிட்டால் முதலில் ரிலேயை மூடி, வரிசையில் நிற்கும் குப்பையை அழித்துவிட்டு, அதற்குப் பிறகு நீக்கச் சொல்லிக் கேளுங்கள்; திறந்தே இருந்தால் மறுபடியும் ஏற்றிவிடுவார்கள். பணத்தை மட்டும் வேலை முடிந்த அன்றே கொடுக்காதீர்கள். என் 38,500 ரூபாய் இன்னும் வரவில்லை, இன்று காலையில் பேசியபோதும் "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் சார்" என்றுதான் வைத்தார்கள்.