எட்டு வருடமாக ஒரு காணிக் கந்தோரில் கியூஜிஐஎஸ்

கொழும்பில் ஒரு அரச காணி நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 2017இல் நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்தவை நான்கு கணினி, உரிமம் முடிந்துபோன ஒரு மென்பொருள், ஒரு பிளொட்டர், கணக்கில்லாத பென் டிரைவ். அன்றிலிருந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் அதற்குப் பின்னால் படத் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளமும்தான் எங்கள் பிழைப்பை ஓட்டுகின்றன. இலவசம் என்பதால்தான் எடுத்தோம், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வேறு திணைக்களங்களில் இதே நாற்காலியில் இருப்பவர்கள் அடிக்கடி போன் எடுத்து, "எப்படி, நல்லதா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம் பேசுவதை விட எழுதிவைப்பது லேசு.

சேர்ந்து இரண்டு மாதத்தில் ஒரு வேலை வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் இடையில் எங்கள் பொறுப்பில் இருந்த சில துண்டுக் காணிகளைப் படமாகக் கேட்டார்கள். செய்மதிப் படத்தின் மேல் போட்டு, நிறமெல்லாம் தீட்டி, அச்சடித்துக் கொடுத்தேன். ரெயில் பாதையை ஒட்டியிருந்த காணிகள் அத்தனையும் கடலுக்குள் கிடந்தன. கூட்டத்தில் பணிப்பாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் வள்ளத்திலயா போய் எல்லைக்கல் நடுறது?" என்று கேட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. இலங்கையில் இரண்டு கிரிட், அதாவது ஒவ்வொரு இடத்துக்கும் கிழக்கு எண், வடக்கு எண் கொடுக்கும் முறை, புழக்கத்தில் இருக்கின்றன. பழையது கந்தவளை, புதியது எஸ்எல்டி99. இரண்டுக்கும் மையம் பிதுருதாலகலைப் பக்கம்தான். பழையதில் அந்த மையத்துக்குக் கிழக்கும் வடக்கும் 200,000 மீட்டர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள், புதியதில் 500,000. கொழும்பு மையத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. எங்கள் மூத்த படவரைஞர் ஐயா கணினியைத் தொடாமலே சொல்லிவிடுவார்: "கிழக்கு எண்ணைப் பார் தம்பி. ஒரு இலட்சத்தை ஒட்டி இருந்தால் பழசு. நாலு இலட்சத்தை ஒட்டி இருந்தால் புதுசு." புதிய கிரிட்டில் எழுதியதைப் பழையது என்று சொல்லி ஏற்றினால் கொழும்புக் காணி 300 கிலோமீட்டர் கிழக்கேயும் 300 கிலோமீட்டர் வடக்கேயும் போய் வங்காள விரிகுடாவில் விழும். இது நல்ல பிழை, உடனே கண்ணில் படும்.

ஆபத்தானது மற்றது. எங்கள் ஷேப்ஃபைலோடு (வரைபடத் தரவு வைக்கும் பழைய கோப்பு வடிவம்) எந்தக் கிரிட் என்று சொல்லும் ப்ரொஜெக்ஷன் கோப்பு ஒன்றும் வந்தது. அதில், பழைய கிரிட் பூமியின் உருவமாக எடுத்துக்கொண்ட எவரெஸ்ட் நீள்வட்டத்தின் பெயர் சரியாகவே இருந்தது. அதிலிருந்து ஜி.பி.எஸ். பாவிக்கும் டபிள்யூஜிஎஸ்84 என்ற உலக அளவு முறைக்கு எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற எண்கள்தான் இல்லை. நகர்த்தாமல் விட்டால் கொழும்புப் பக்கம் 200 மீட்டருக்கு மேல் மேற்கே தள்ளிப் போகும். மாத்தறை வீதியில் ஒரு வயலுக்கு இப்படி நடந்தால் பக்கத்து வயலில் போய் இருக்கும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் மேற்கே கடல் இருந்தபடியால் நாங்கள் தப்பினோம்.

அதற்குப் பிறகு இரண்டு பக்கச் சுற்றுநிருபம் ஒன்று போட்டோம். உள்ளே வரும் எந்தத் தரவும் எஸ்எல்டி99க்கு, அதாவது 5235 என்ற குறியீட்டுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் தரவுத்தளத்தில் ஏறும். பழைய கந்தவளைத் தரவுக்கு 5234. கியூஜிஐஎஸ்ஸில் இந்த இரண்டு எண்ணையும் அடித்தாலே கிரிட் வந்துவிடுகிறது, நகர்த்தும் எண்களும் கூடவே வருகின்றன. கோப்பில் உள்ளதை நம்பாமல் நாமே எண்ணைக் கொடுப்பது என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டது. முதல் வருடத்தில் நாங்கள் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது தொந்தரவு தரவேயில்லை. ஒரு பழைய சேர்வர், லினக்ஸ், இரவு இரண்டு மணிக்குத் தானாக எடுக்கும் பிரதி. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று லேயர் லேயராக (லேயர் என்றால் படத்தின் ஒரு தரவு அடுக்கு) அனுமதி கொடுக்கலாம். படத்தின் நிறங்களையும் குறிகளையும்கூடத் தரவுத்தளத்திலேயே சேமிக்கலாம். ஆகவே களுத்துறைக் கந்தோரில் திறந்தாலும் அரச காணி அதே பச்சையில்தான் வரும். பென் டிரைவில் 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'உண்மையான ஃபைனல்' என்று திரிந்த கோப்புகள் அநேகமாக ஒழிந்தன.

அநேகமாகத்தான். ஏனென்றால் எந்த லேயர் யாருடையது என்பதைத் தரவுத்தளம் சொல்லாது. 2018இல் எங்களிடம் பிரதேச செயலகப் பிரிவு எல்லை என்ற பெயரில் ஐந்து லேயர் இருந்தன. ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, ஐந்தையும் கொண்டுவந்தவர்கள் தங்களுடையதுதான் சரி என்று நின்றார்கள். கடைசியில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு கீறினேன்: லேயரின் பெயர், எங்கிருந்து வந்தது, எந்த அளவுத்திட்டப் படத்திலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, எந்தப் பதவிக்குப் பொறுப்பு. ஆளின் பெயர் எழுதவில்லை, ஆட்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள். பிறகு அது தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையாக மாறியது. ஆனால் கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது, சண்டை வந்தால் அதைத்தான் திறக்கிறோம். கூட்டங்களில் 'மூலோபாயம்' என்று பெரிய சொல்லாகச் சொல்வார்கள். எங்கள் கந்தோரில் அதற்கு ஐந்து நிரல் போதுமாக இருந்தது.

அளவுத்திட்டம் என்ற நிரல் ஏன் முக்கியம் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். 1:50,000 படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு கோடு கீறினால் அந்தக் கோடு தரையில் 25 மீட்டர் அகலம். வெள்ளவத்தையில் ஆறு பேர்ச் காணி என்பது ஏறக்குறைய 150 சதுர மீட்டர், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஆகவே அந்தக் கோட்டின் தடிப்புக்குள் இரண்டு வீடு மறைந்துவிடும். கணினியில் எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு மெல்லிசாகவே தெரிவதால் சனம் அதை நம்பிவிடுகிறது. 1:50,000இலிருந்து எடுத்த ஆற்றங்கரையை வைத்து ஒருவரின் மதில் ஆற்றோர ஒதுக்கத்துக்குள் நிற்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல வெளிக்கிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். இதை மென்பொருள் தடுக்காது. கியூஜிஐஎஸ்ஸில் ஒரு லேயர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெருப்பித்தால் தெரியாமல் போகும்படி வைக்கலாம். நாங்கள் எல்லா லேயருக்கும் அப்படிப் பூட்டுப் போட்டோம். "படம் காணாமல் போகுது" என்று போன் வந்துகொண்டே இருந்தது. வரட்டும்.

பரப்பளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய இறுதிக் கிராமப் படங்கள் ஏக்கர், ரூட், பேர்ச்சில். புதியவை ஹெக்டேயரில். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதி என்றால் பரப்பும் குழியும், அங்கே 16 பரப்பு ஒரு ஏக்கர். இவற்றை மாற்றுவது கணக்கு, பிரச்சினை இல்லை. ஆனால் கியூஜிஐஎஸ் இரண்டு விதமாகப் பரப்பளவு தரும்: ஒன்று தட்டையான கிரிட்டில், மற்றது பூமியின் வளைவைச் சேர்த்து. கொழும்புப் பக்கம் 100 ஏக்கருக்கு ஒன்றிரண்டு பேர்ச் வித்தியாசம் வரும். ஒரு தடவை இரண்டு அலுவலர்கள் ஒரே காணிக்கு இரண்டு விதமாக எடுத்து, இரண்டு கடிதத்தில் இரண்டு எண் போய்விட்டது. இப்போது கிரிட் அளவு மட்டும்தான். சட்டப்படி செல்லுவது நில அளவையாளர் கையொப்பமிட்ட படத்தில் உள்ள அளவு என்று ஒவ்வொரு அச்சிலும் கீழே ஒரு வரி போடுகிறோம்.

இனிப் பெயர்கள். இதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை, ஏனென்றால் வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது இருக்காது.

மும்மொழியில் படம் போடவேண்டும். எங்களுக்கு வந்த பழைய அட்டவணைகளில் தமிழ் பாமினி எழுத்துருவிலும் சிங்களம் அதுபோன்ற ஏதோ ஒன்றிலும் அடிக்கப்பட்டிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. அரைப்புள்ளியால் நிரல் பிரித்த கோப்பாக யாரோ ஒருவர் அதைச் சேமித்து அனுப்பியிருந்தார். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு புது நிரல் முளைத்திருந்தது. சிரித்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தோம்.

யூனிகோடுக்கு மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 'கொழும்பு' என்பதில் உள்ள கொகரத்தை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் அரவுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு ஊர். போஸ்ட்ஜிஐஎஸ்ஸுக்கு அடியில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பிலிருந்து இதைச் சமப்படுத்த ஒரு கட்டளை வந்தது, அது ஒரு நிமிட வேலை. ஆனால் 'வெள்ளவத்தை'யில் 'ள்' வரவேண்டிய இடத்தில் ஔகாரக் குறியைப் போட்டு மேலே புள்ளி வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறதே, அதை எந்தக் கட்டளையும் திருத்தாது. இரண்டு அட்டவணையைப் பெயரை வைத்து இணைத்தபோது வெள்ளவத்தை மட்டும் வெறுமையாக வந்தது. அன்று முதல் பெயரால் இணைப்பதை நிறுத்தி, கிராம அலுவலர் பிரிவுக் குறியீட்டால் மட்டும் இணைக்கிறோம். நாட்டில் 14,000க்கு மேல் பிரிவுகள் இருக்கின்றன. ஒரே பெயரில் பல ஊர் வேறு.

ஷேப்ஃபைலை விட்டொழிக்கச் சொல்வதும் இதனால்தான். அதில் நிரலின் பெயருக்கு 10 பைட் மட்டுமே, யூனிகோடில் தமிழ் எழுதினால் மூன்று எழுத்தோடு சரி. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை, கியூஜிஐஎஸ் 3இல் இருந்து வழமையான வடிவமும் அதுதான். இருந்தாலும் வெளியிலிருந்து கேட்பவர்கள் இன்னும் ஷேப்ஃபைல்தான் கேட்கிறார்கள். அச்சிடும்போது எழுத்துகளை உருவங்களாக மாற்றி பிடிஎஃப் எடுங்கள், அப்போதுதான் தமிழும் சிங்களமும் எந்தக் கணினியிலும் உடையாது.

கியூஜிஐஎஸ் 2.18இலிருந்து 3க்கு மாறியது நோகத்தான் செய்தது. பைதான் 2 நிரல்மொழியில் எழுதிய எங்கள் சின்னச் சின்ன பிளகின்கள், அதாவது மென்பொருளோடு ஒட்டவைக்கும் கருவிகள், எல்லாம் செத்தன. அதற்குப் பிறகு நீண்டகால ஆதரவுப் பதிப்பு மட்டும், அதிலும் ஒன்று விட்டு ஒன்று என்று போகிறோம். நான்கு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது என்று எல்லாக் கணினியிலும் ஏற்றிக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. மார்ச்சில் ரூபா விழுந்தது. டொலர் 200இல் இருந்தது சில மாதத்தில் 360 ஆனது. அதே நேரம் பக்கத்து நிறுவனம் ஒன்று மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. வேறு கவலை இருந்தது: நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, பெற்றோல் இல்லை, வீட்டிலிருந்து வேலை. ஆட்கள் லேயரை ஜியோபேக்கேஜாக எடுத்துக்கொண்டு போய், கரண்ட் இருக்கும் நேரத்தில் திருத்தி, கொண்டுவந்து ஏற்றினார்கள். இரண்டு பேர் ஒரே பகுதியை எடுத்துக்கொண்டு போனால்? கடைசியாகச் சேமித்தவரின் கைதான் மேல். கியூஜிஐஎஸ் எச்சரிக்கையே தராது. கொலன்னாவைப் பக்கம் ஒரு அலுவலரின் மூன்று வார வேலை அப்படி அழிந்தது. இரவுப் பிரதியிலிருந்து மீட்டோம், ஆனால் அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிறகு ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய உருவத்தோடு தனி அட்டவணையில் தானாகப் பதியும் டிரிகர் ஒன்றைத் தரவுத்தளத்தில் எழுதினோம். முதல் நாளே செய்திருக்கவேண்டியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே செய்யுங்கள்.

வெளிக்களத்துக்கு கியூஃபீல்டு என்ற போன் செயலி. போனில் அதே படம், அதே நிறம், அதே நிரல்கள். சாதாரணப் போனின் ஜி.பி.எஸ். ஐந்து பத்து மீட்டர் தள்ளும் என்பதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லையைப் போனால் அளந்து வருவார்கள். ஒரு காணி காடு பற்றிக் கிடக்கிறதா, யாரும் குடியிருக்கிறார்களா என்று பார்த்துப் படம் எடுக்க அது தாராளம்.

எவருக்கு வேண்டாம் என்றும் சொல்லவேண்டும். தரவுத்தளம் தெரிந்த ஒரு ஆளையாவது வைத்திருக்க முடியாத கந்தோர் இதில் இறங்கக்கூடாது. உதவிக்கு போன் எடுக்க ஒரு கம்பனி கிடையாது, இணையத்தில் தேடி நீங்களே திருத்தவேண்டும். நான் நீண்ட லீவில் போனால் என்ன நடக்கும் என்று பணிப்பாளர் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பயம் வந்தது. இப்போது இன்னும் இரண்டு பேருக்குப் பழக்கிவிட்டேன்.

கொப்பியில் ஒரு வரி மட்டும் இன்னும் தீரவில்லை. கொழும்புத் துறைமுக நகரம் 269 ஹெக்டேயர். 2019இல் மண் நிரப்பி முடிந்தது. எங்கள் கரையோர லேயரில் அந்த இடம் 2021 வரை கடலாகவே இருந்தது, ஏனென்றால் கரையோரத்தைத் திருத்தும் பொறுப்பு எவருக்கும் எழுதப்படவில்லை. இதற்கிடையில் ஆளுக்கொரு கரையைக் கீறிக்கொண்டார்கள். எங்களிடம் மூன்று கரை இருந்தன, இப்போது ஒன்று. ஆனால் கடைசி நிரலில் எந்தப் பதவியை எழுதுவது என்று மூன்று கூட்டம் கூடியும் முடிவில்லை. படவரைஞர் ஐயா ஓய்வுபெற்றுப் போகும்முன் பென்சிலால் தன் பதவியை எழுதிவிட்டுப் போனார். அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.