சூடோ: ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுக்க

லினக்ஸ் சர்வரில் சாதாரண யூசருக்குக் கொஞ்சம் மட்டும் அட்மின் அதிகாரம் தர வேண்டுமென்றால் கை முதலில் போவது சூடோ (sudo) என்ற கமாண்டுக்குத்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இன்றும் அசைக்க ஆளில்லை. முழு அதிகாரமுள்ள ரூட் அக்கவுண்டின் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரிய வேண்டாம். யார், எப்போது, எந்தக் கமாண்டை ஓட்டினார் என்பதும் லாகில் பதிவாகிவிடும். பாஸ்வேர்ட் தப்பானால் திட்டி அனுப்பும் ஒரு ஆப்ஷன்கூட உள்ளே இருக்கிறது!

ஆனால் யூசரை சூடோ குரூப்பில் (ரெட்ஹேட் வகையில் வீல் குரூப்) சேர்த்துவிட்டு "லிமிடெட் ஆக்சஸ் கொடுத்தாச்சு" என்பவர்கள் நிறைய. அது முழு ரூட். அளந்து கொடுக்க, சூடோவின் விதிகள் இருக்கும் சூடோயர்ஸ்.டி (sudoers.d) ஃபோல்டரில் தனி ஃபைல் போட்டு இப்படி எழுத வேண்டும்:

%வெப்டீம் ஆல்=(ரூட்) /யூஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஞ்சின்எக்ஸ்

வெப்டீம் குரூப்பில் இருப்பவர்கள் எஞ்சின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வரை ரூட்டாக ரீஸ்டார்ட் செய்யலாம், அவ்வளவுதான். கமாண்டின் முழுப் பாதை கட்டாயம். கடைசி இரண்டு சொற்களை விட்டுவிட்டால் சர்வரையே அணைக்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். ஃபைலை விசூடோ (visudo) என்ற கமாண்ட் வழியாகத்தான் திறக்க வேண்டும். பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும். நேராக எடிட்டரில் திறந்து ஒரு எழுத்து தவறினால், பழைய பதிப்புகளில் சூடோவே வேலை செய்யாது. உபுண்டுவில் ரூட்டுக்கு பாஸ்வேர்டும் இருக்காது, பழுதுபார்க்கவென்று பூட் செய்யும் ரெஸ்க்யூ மோடுதான் கதி. ஃபைல் பெயரில் புள்ளி வைத்தால் சத்தமே இல்லாமல் அதைப் படிக்காமல் விட்டுவிடும் என்பது இதன் எரிச்சலான குணம். பல விதிகள் பொருந்தினால் கடைசியில் இருப்பதே செல்லும். பாஸ்வேர்ட் கேட்காதே என்று மேலே எழுதியும் கேட்கிறதே என்று குழம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நிஜமான ஓட்டை வேறு இடத்தில். சூடோ பார்ப்பது நீங்கள் எந்தக் கமாண்டை அனுமதித்தீர்கள் என்பதை மட்டுமே; அந்தக் கமாண்ட் உள்ளே போய் என்ன செய்யும் என்று அதற்குக் கவலையில்லை. கான்ஃபிக் ஃபைலைத் திருத்தட்டும் என்று விம் (vim) எடிட்டரை அனுமதித்தால், உள்ளே கோலன் போட்டு !பாஷ் என்று அடித்தால் போதும், எந்தக் கமாண்டையும் ஓட்டக்கூடிய ரூட் ஷெல் கையில். லெஸ், ஃபைண்ட், டார், ஆக் எல்லாவற்றிலும் இதே கதை. திருத்துவதற்கென்றே சூடோஎடிட் இருக்கிறது: ஃபைலின் நகலை யூசரின் சொந்த அதிகாரத்திலேயே திறந்து, மாற்றத்தை மட்டும் திரும்ப எழுதும்.

நட்சத்திரக் குறியும் ஆபத்து. கேட் கமாண்டுக்கு /வார்/லாக்/* என்று கொடுத்தால் லாக் ஃபைல்கள் மட்டும்தான் என்று தோன்றும். அந்த நட்சத்திரம் இடைவெளியோடும் பொருந்தும். ஆகவே ஒரு லாக் பெயருக்குப் பின்னால், பாஸ்வேர்ட் ஹாஷ்கள் இருக்கும் /எட்சி/ஷேடோ ஃபைலையும் சேர்த்து அடித்தால் அதையும் காட்டும். லாக் படிக்க மட்டும்தான் என்றால் சூடோவே வேண்டாம். டெபியன், உபுண்டுவில் ஏடிஎம் (adm) குரூப்பில் சேர்த்தால் பெரும்பாலான சிஸ்டம் லாகுகளுக்குப் போதும். "எல்லாம் செய்யலாம், இது மட்டும் கூடாது" என்று ஆச்சரியக்குறி போட்டுத் தடுப்பது வெறும் சடங்கு. தடுத்த புரோகிராமை வேறு பெயரில் நகலெடுத்து ஓட்டிவிடுவார்கள். சொந்த ஸ்கிரிப்டை அனுமதித்தால் அந்த ஃபைலும் அதன் ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக, மற்றவர்கள் எழுத முடியாதபடி இருக்க வேண்டும்.

பாதுகாப்பு வரலாறும் சுத்தமில்லை. 2011-இல் நுழைந்த ஒரு பிழை 2021-இல்தான் வெளியே வந்தது. லோக்கல் யூசர் எவரும், சூடோ அனுமதி இல்லாதவர்கூட, அதன் வழியே ரூட் ஆக முடிந்தது. 2025-இலும், ஒரு ஃபோல்டரையே முழு சிஸ்டமாகக் காட்டும் சீரூட் (chroot) ஆப்ஷனில் ஒன்று அகப்பட்டது, 1.9.17பி1-இல் சரியானது. இத்தனை ஆப்ஷன் தேவைப்படாத ஒற்றைச் சர்வருக்கு, ஓப்பன்பிஎஸ்டி என்ற ஓஎஸ்ஸிலிருந்து வந்த, இதே வேலையைச் செய்யும் டூஆஸ் (doas) போதும். அதன் கான்ஃபிக் சில வரிகளில் முடிந்துவிடும். பல சர்வர்களை ஒரே விதிகளால் ஆள வேண்டிய இடத்தில் எங்கள் ஓட்டு சூடோவுக்கே.

விதி எழுதியதும் சூடோ -எல் -யூ (sudo -l -U, கடைசி எழுத்து பெரிய U) போட்டு அந்த யூசரின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு என்னென்ன கிடைத்திருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் ஒவ்வொரு கமாண்டின் மேன் பேஜிலும் (கையேட்டிலும்) ஷெல் திறக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அக்கவுண்டை ஒப்படைக்க வேண்டும்.