காந்தி வீதி நடைபாதையில் 60 ரூபாய்க்கு ஒரு ஜெயகாந்தன்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில், பனியனுக்கும் செருப்புக்கும் நடுவே தார்ப்பாய் விரித்த பழைய புத்தகக் கடை. போர்டு கிடையாது. கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனது மகளுக்குக் கைடு வாங்க. அது கிடைக்கவில்லை. போட்டித் தேர்வுப் புத்தகங்கள்தான் மலைபோல. நாவல்கள் ஓரத்தில் தாறுமாறாகக் கிடக்கும். குத்தவைத்துக் கிளறினால்தான் உண்டு.

அடியில் அகப்பட்டது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் எழுதி, 1972இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய நாவல். கடைக்காரர் 80 சொன்னார், 60க்குக் கொடுத்தார்.

பதினெட்டு வயதில் படித்தபோது, மழையில் கதாநாயகி கங்காவைக் காரில் ஏற்றிக் கெடுத்தவன்மேல்தான் எனக்குக் கோபம். இப்போது அண்ணன்காரன்மேல். அம்மாவிடம் உள்ளதைச் சொன்னதற்குத் தங்கையை வீட்டைவிட்டே துரத்துகிறானே! எனக்கும் ஒரு தங்கை உண்டு. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன், சும்மாதான்.

ஒரே குறை: நடுவில் எட்டுப் பக்கம் இல்லை. அடுத்த ஞாயிறு காட்டினேன். "ஏற்கெனவே படிச்சதுதானே சார்" என்று சிரித்தார்; ஆனால் 20 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார். வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், அங்கே நிழலே இல்லை.

இப்போது மகள் படிக்கிறாள். காணாமல்போன எட்டுப் பக்கத்தை நான்தான் வாயால் சொல்ல வேண்டுமாம்.